நாற்காலிக்கு நாலாவது ஆள்

நாற்பத்தோராவது படியில் என் கை திறந்துகொண்டது.

நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. பிடித்திருந்த மூங்கில் விரல்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையை உரசிக்கொண்டு வெளியே போனது. நாற்காலி என் பக்கமாகச் சாய்ந்தது. நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

பின்னால் பிடித்திருந்த செல்வராஜ் அண்ணன் "ஏய்... ஏய்..." என்று கத்திக்கொண்டே தன் முழங்காலை நாற்காலிக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்திருக்காவிட்டால் அப்பா படியோரத்துச் சாக்கடையில் கிடந்திருப்பார். அப்பாவின் கம்பளிக் குல்லாய் மட்டும் கழன்று, நாலு படி கீழே போய் விழுந்தது.

பக்கவாதம் வந்த வலது கை மடியில் கிடக்க, இடது கையால் நாற்காலியை இறுகப் பிடித்தபடி அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் துளிக் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நீ வேண்டாங் கண்ணு," என்றார்.

படுத்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு குழறும். தண்ணீர் கேட்டால் இரண்டு தடவை திருப்பிக் கேட்டால்தான் புரியும். அன்றைக்கு அந்த மூன்று சொல்லும் சுத்தமாக வந்தன.

எண்பத்தாறு படி

மலை ஊரில் வீடு என்றால் ஒன்று ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கும். குன்னூரில் எங்கள் வீடு ரோட்டுக்கு எண்பத்தாறு படி கீழே. நடுவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சமதளம். மூச்சு வாங்க அது ஒன்றுதான் இடம்.

எங்கள் சந்தில் யாராவது எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டால் நாற்காலி வரும். கை வைத்த பழைய மர நாற்காலி. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருக்கும். அது யார் வீட்டு நாற்காலி என்று யாருக்கும் தெரியாது. செல்வராஜ் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும். இடுப்பு வலி எடுத்த பெண்கள், கால் உடைந்த பிள்ளைகள், கடைசி மூச்சில் இருந்த கிழவர்கள் எல்லோரும் அதில் ஏறி ரோட்டுக்குப் போயிருக்கிறார்கள். நாலு வீட்டு ஆண்கள் வந்து நாலு முனையைப் பிடிப்பார்கள். கூப்பிடக்கூட வேண்டியதில்லை.

பெண்கள் முனையைப் பிடிக்கிற வழக்கம் இல்லை. அவர்கள் ஆஸ்பத்திரி ஃபைலையும் ஃபிளாஸ்க்கையும் குடையையும் எடுத்துக்கொண்டு கூடவே வருவார்கள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், சந்தில் ஆண்களே தீர்ந்துபோனார்கள். படித்த பையன்கள் கோயமுத்தூரில் இருக்கிறார்கள், படிக்காத பையன்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். செல்வராஜ் அண்ணனின் மகனும் ஒரு பனியன் கம்பெனிக்குப் போன பிறகு, மிஞ்சியவர்கள் மூன்று பேர்: செல்வராஜ் அண்ணன், அடுத்த வீட்டு தாமஸ், தாமஸின் மச்சினன். மூன்று பேரால் நாற்காலி தூக்க முடியாது. முயன்று பார்த்தோம், அப்பா ஊஞ்சலாடினார்.

அதனால்தான் அந்தப் பனிக்காலத்துக் காலையில், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாலாவது முனையை நான் பிடித்தேன். பிடித்து, விட்டேன்.

அன்றைக்கே என் தம்பி மூர்த்திக்கு விஷயம் போய்விட்டது. கோயமுத்தூரில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இருக்கிறான். நல்லவன்தான். அவன் நல்லவனாக இருப்பதுதான் என் தொல்லை, சண்டை போட்டால் நான் கெட்டவளாகிவிடுவேன்.

"அக்கா, நான் அப்பவே சொன்னேன். அப்பாவ இங்க கொண்டாந்து உட்டுரு. லிஃப்ட் இருக்குது, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குது. அங்க யாரு இருக்கறாங்க தூக்கறதுக்கு?"

"நான் இருக்கறன்."

"நீதான் கீழ போட்டுட்டியே."

அப்பா பக்கத்துக் கட்டிலில் இருந்தார். போனில் மூர்த்தி பேசியது அவருக்கும் கேட்டது. "நான் இங்கயே இருந்துக்கறனே," என்று அவர் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆனது. போன வருடம் ஒரு வாரம் மூர்த்தி வீட்டில் இருந்தபோது அப்பா சாப்பிடவே இல்லை. புழுக்கமும் நாலு சுவரும் தெரியாத முகங்களும் அவரைப் பாதியாக்கி அனுப்பின. அங்கே நிரந்தரமாகப் போனால் திரும்பி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மூர்த்தி மூன்று மாதம் கெடு கொடுத்தான். அதற்குள் நிலையாக நாலு ஆள் அமைந்தால் அப்பா இங்கே, இல்லாவிட்டால் அவன் காரில் கோயமுத்தூருக்கு.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து அந்த மூன்று மாதம் ஓட்டினோம். காய்கறி லோடு வந்துவிட்டால் அவர் வரமாட்டார். திடீரென்று அப்பாவுக்கு ஒன்று என்றால் அவரை எங்கே தேடுவது? நாலாவது ஆள் சந்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். சந்துக்குள் மிச்சம் இருந்தது நான்தான்.

கால் வாங்கி வந்த வரம்

என் கால்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. நாற்பத்தேழு வயதில் எண்பத்தாறு படியையும் பேசிக்கொண்டே ஏறுவேன். சமவெளியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பாதி வழியில் குழாயடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்போது நான் மேலே போய்ப் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன்.

இது அப்பா வழி வந்தது. அப்பா பஸ் கண்டக்டர். பாதி சர்வீஸ் மஞ்சூர் வழியில்தான். அந்த வளைவுகளில் உட்கார்ந்திருப்பவர்களே பக்கத்து ஆள் மடியில் விழுவார்கள். அப்பா ஒரு கையில் டிக்கெட், மறு கையில் சில்லறை, காலை அகட்டி வைத்து நடுவில் நிற்பார். சின்ன வயதில் ஒரு முறை, "கம்பியப் புடிச்சுக்கலாமில்லீங்கப்பா?" என்று கேட்டேன். "கம்பியப் புடிச்சா டிக்கெட்ட யாரு குடுக்கறது?" என்றார்.

கை விஷயத்தில் மட்டும் எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியை எப்போதும் அப்பாதான் திறந்து கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக டீ ஃபாக்டரி ஆபீசில் கிளார்க். விரல்கள் பேனாவையும் கீபோர்டையும் தவிர எதையும் கண்டதில்லை. ஆயுதபூஜை அன்று ஃபாக்டரியில் கயிறு இழுக்கும் போட்டி வைப்பார்கள். ஒரு வருடம் ஆபீஸ் அணியில் என்னை முன்னால் நிறுத்தினார்கள். காலை ஊன்றி அசையாமல் நின்றேன். கயிறு மட்டும் என் கை வழியாக எதிரணிக்குப் போய்ச் சேர்ந்தது. சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் ஏன் சிரித்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே ஒரு வாரம் எழுதிவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "ஆம்பள இருந்திருந்தா இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பளையும் திருப்பூருக்குத்தான் போயிருப்பார்.

பூண்டு கிடங்குக்கு மேலே

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பூண்டு கிடங்கு. அதை வைத்திருந்த பாயின் மகன் ரிஸ்வான் மாடியில் ஜிம் வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். ஏறிப் போகும்போதே பூண்டு நெடி மூக்கில் ஏறும், உள்ளே போனால் அதோடு இரும்பும் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். ஆபீசுக்குப் போகும் முன்னால், விடிந்ததும் அங்கே போய் நின்றேன். சுடிதார், ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர்.

காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து எடை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர், "மேடம், ட்ரெட்மில் அந்தப் பக்கம்," என்றார்.

"நடக்கறதுக்கு எங்கூட்டுல எண்பத்தாறு படி இருக்குதுங்க. தூக்கறதுக்குத்தான் வந்தேன்."

அவர் மறுபடி கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரிஸ்வானிடம் நாற்காலி விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் பிடித்தீர்கள், எத்தனை படி, அப்பா எத்தனை கிலோ என்று கேட்டான். அந்த மூன்று கேள்வியிலேயே எனக்கு அவன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் காலைப் பார்த்தான். உட்கார்ந்து காலால் தள்ளுகிற மிஷினில் எடையை ஏற்றிக்கொண்டே போனான். நூறு கிலோவைத் தள்ளினேன். "மாஷா அல்லாஹ்," என்றான். பிறகு தரையில் கிடந்த கம்பியைக் காட்டினான். "அக்கா, இத இடுப்பு வரைக்கும் நேராத் தூக்கி நில்லுங்க. இதுவும் கால் வேலைதான். கை சும்மா கொக்கி மாதிரி மாட்டிட்டு இருந்தாப் போதும்."

முப்பது கிலோ. முழங்கால் வரை வந்தது. கொக்கி திறந்தது. கம்பி தடாலென்று விழுந்து கீழே பூண்டு கிடங்கிலிருந்து யாரோ கத்தினார்கள்.

ஒரு வாரம் இதே கூத்து. கால் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை, அதற்குள் விரல்கள் கடையைச் சாத்திவிடும். இரு கையாலும் எடையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழச் சொன்னால், தொடை வலிக்கும் முன்னே தோள் நடுங்கும். முதுகில் கம்பியை வைத்தால் கால் ஆயத்தமாக இருக்கும், கம்பியைத் தாங்கிப் பிடிக்க மேல் முதுகு வராது. இடுப்புக்குக் கீழே ஒருத்தி, மேலே வேறொருத்தி.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கம்பியைத் துடைக்க வந்த ரிஸ்வான் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, கைய காட்டுங்க."

காட்டினேன்.

"தைலமா?"

தைலம்தான். தேங்காயெண்ணெயில் நீலகிரித் தைலம் கலந்து அப்பாவின் வலது கைக்கும் காலுக்கும் தினமும் காலையில் நான்தான் தேய்த்துவிடுவேன். தேய்த்த கையைத் துப்பட்டாவிலோ துண்டிலோ துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். குளிருக்கு இதமாக இருக்கும் என்று மிச்சத்தை என் முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வதும் உண்டு. வேறு ஊராக இருந்தால் வாசனையை வைத்தே முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். இந்த ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை தைலம் மணக்காதவர் யார்? யாருக்கும் உறைக்கவில்லை. மிச்சம் இருந்ததைப் பூண்டு மறைத்துவிட்டது.

அப்போதுதான் நாற்பத்தோராவது படி நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் அப்பாவுக்குத் தேய்த்துவிட்ட கையோடுதான் போய் மூங்கிலைப் பிடித்தேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஜிம் குழாய்க்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். ரிஸ்வான் சாக்பீஸ் தூள் மாதிரி ஒன்றைத் தடவிவிட்டான். முப்பது கிலோ வந்தது. முப்பத்தைந்து வந்தது. நாற்பதில் விரல்கள் மறுபடி திறந்துகொண்டன.

இங்கே ஒரு பொய் சொன்னால் இந்த அத்தியாயம் அழகாக முடிந்துவிடும். எல்லாம் தைலத்தின் குற்றம், நான் ஆதியிலிருந்தே பலசாலி என்று எழுதலாம். அப்படி இல்லை. தைலம் பாதி, நான் பாதி. தைலத்தைக் கழுவிவிட்டேன், என்னை என்ன செய்வது?

பட்டை

ரிஸ்வான் ஒரு வழி சொன்னான். மணிக்கட்டில் மாட்டிக் கம்பியில் சுற்றிக்கொள்ளும் துணிப் பட்டை. அதைப் போட்டுக்கொண்டால் விரல் சோர்ந்தாலும் எடை மணிக்கட்டில் தொங்கும், காலுக்கு முழு வேலை கிடைக்கும்.

"வேண்டாம்," என்றேன். "அது ஏமாத்து வேலை."

"அக்கா, காலுக்குன்னு வெச்ச லெக் டே அன்னிக்கு கை சோர்ந்துபோச்சுன்னு கால வீட்டுக்கு அனுப்பறீங்க. கால் என்ன பாவம் பண்ணுச்சு?"

"நாற்காலில பட்டை இல்லையே தம்பி."

வீம்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு. மூன்று வாரம் பட்டையைத் தொடவில்லை. மூன்று வாரமும் நாற்பதைத் தாண்டவில்லை. தோலுரிந்து, முழங்கை வீங்கி, ஆபீசில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் மேசையெல்லாம் டீ. கெடுவில் பாதி போய்விட்டிருந்தது.

அந்த டீயைத் துடைக்க வந்தது ராணி. எங்கள் ஃபாக்டரியில் கொழுந்து மூட்டை இறக்குகிறவள். அவள் குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்தது. என்னைவிட ஒரு வயது சின்னவள். என் உள்ளங்கையைப் பார்த்து, "என்னங்க கிளார்க்கம்மா, கல்லு ஒடைக்கப் போறீங்களா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பட்டையைப் பற்றியும் சொன்னேன்.

"பட்டை போட்டா ஏமாத்தறதுன்னு எந்த மடையன் சொன்னான்?"

"நான்தான்."

ராணி கொஞ்சமும் அசரவில்லை. "எங்கம்மா சிலோன் தோட்டத்துல கூடைக்கயித்த தலையில மாட்டிக்கிட்டுத்தான் கொழுந்தெடுத்துச்சு. நான் மூட்டைய முதுகுல போட்டு, துண்ட நெத்தியில குடுத்துத்தான் மேட்டுல ஏறுறேன். கையில புடிச்சுக்கிட்டு வந்தாத்தான் கூலின்னு ஒரு தொரையும் சொன்னதில்ல. சொமைய ஏத்தணும், அவ்வளவுதான். காலு வளர்றப்ப வளரட்டும். கைய தனியா வளத்துக்கங்க."

ரிஸ்வான் சொன்னதும் அதேதான். எனக்குத்தான் ராணி சொல்லி மண்டையில் ஏற வேண்டியிருந்தது.

மறுநாள் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஐம்பத்தைந்து கிலோவைத் தூக்கி நின்றேன். தொடை, இடுப்பு, கீழ் முதுகு எல்லாம் முதல் முறையாக நிஜமாக நடுங்கின. அன்றைக்குச் சாயங்காலம் படி ஏறும்போது குழாயடியில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

கால் வேலை முடிந்த பிறகு கைக்கென்று தனிப் பாடம். மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துச் சும்மா தொங்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் விழுந்தேன். குனிந்து நின்று எடையை வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும், அது மேல் முதுகுக்கு. வீட்டுக்கு வந்தால் இரண்டு பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டும். கம்பளி ஸ்வெட்டரை நனைத்து நனைத்துப் பிழிய வேண்டும். சந்தே வேடிக்கை பார்த்தது. "மண்ண எங்க கொண்டு போறீங்க?" என்று தாமஸின் மனைவி கேட்டாள். "மேல கொண்டு போயி, திருப்பிக் கீழ கொண்டாரனுங்க," என்றேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று அவள் முடிவுக்கு வந்திருப்பாள்.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மெத்துப் பந்து கொடுத்திருந்தார்கள், வலது கையால் அமுக்கிப் பழக. சாயங்காலம் அவர் பந்தை அமுக்குவார், நான் எதிரில் உட்கார்ந்து ஸ்பிரிங் வைத்த பிடியை அமுக்குவேன். வாளியோடு நான் வெளியே போகும்போது மட்டும் அப்பா ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன நினைக்கிறார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பட்டையை நாற்காலிக்கும் கட்டிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ரிஸ்வான் ஒரே வார்த்தையில் கூடாது என்றான். பட்டை கட்டிக்கொண்டு படியில் ஒருவர் சறுக்கினால் நாற்காலியையும் இழுத்துக்கொண்டுதான் போவார். அதனால் நாற்காலிக்கு வெறுங்கைதான். கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது வெறுங்கையால் அறுபது கிலோவைத் தூக்கி, இருபது எண்ணும்வரை நின்றேன். காதில் மாட்டியிருந்தவர் அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

மூர்த்தி வந்த நாள்

மூர்த்தி காலையிலேயே காரோடு வந்துவிட்டான். டிக்கியை அப்பாவின் துணிமணிக்காகக் காலியாக வைத்திருந்தான். அன்று அப்பாவுக்கு ஆஸ்பத்திரி நாள். போய்விட்டு வந்து முடிவு செய்யலாம் என்று பேச்சு.

சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அன்றைக்குத் தைலம் தேய்க்கும் வேலையை மூர்த்திக்குக் கொடுத்திருந்தேன்.

செல்வராஜ் அண்ணன் என்னை முன்பக்கம் நிற்கச் சொன்னார். நாற்காலி எப்போதும் மேட்டைப் பார்த்தபடிதான் போகும், ஏறினாலும் இறங்கினாலும். பின்னால், பள்ளத்துப் பக்கம் பிடிப்பவர்களுக்குத்தான் பாரம் அதிகம்.

"பின்னால நிக்கறனுங்ணா," என்றேன்.

"வேண்டாஞ் சாமி. போன தடவ பாத்தமில்ல?"

"போன தடவ பாத்தீங்க. இந்தத் தடவையும் பாருங்க."

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூங்கிலைப் பிடித்தேன்.

செல்வராஜ் அண்ணன் "தூக்கு" என்றார். ஏறினோம். இருபதாவது படியில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. எரியட்டும் என்று விட்டேன். முப்பதில் முன்கை கல்லாகியது. நாற்பத்தொன்று எப்போது வந்தது, எப்போது போனது என்று கவனிக்கவில்லை. குழாயடிச் சமதளத்தில், "வெச்சுக்கலாமா?" என்று தாமஸ் கேட்டார். "வேண்டாங்க," என்றேன். மற்ற மூன்று பேரும் என்னைச் சபித்திருப்பார்கள். எண்பத்தாறு படியும் ஒரே மூச்சில் ஏறி, காருக்குப் பக்கத்தில் அப்பாவை இறக்கி வைத்தோம். விரல்களை மூங்கிலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி முடிந்து மத்தியானம் திரும்பினோம். நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்ததும் மூர்த்தி சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"ஏத்தறது சரிக்கா. எறக்கறதுதான் ஆபத்து. பள்ளத்துல சறுக்குனா என்ன பண்ணுவ? தள்ளு, நான் புடிக்கறன்."

"நீ பழகல மூர்த்தி."

"எங்க அப்பன் வளத்த ஒடம்பு இது. தள்ளுக்கா."

இதற்கு மேல் ரோட்டில் நின்று சண்டை போட முடியாது. அவனும் மகன்தானே. ஃபைலையும் ஃபிளாஸ்க்கையும் என் கையில் கொடுத்துவிட்டு என் முனையை அவன் பிடித்தான். அவர்களுக்கு இரண்டு படி கீழே, திரும்பிப் பார்த்தபடி நான் இறங்கினேன். அவன் கை சரியாக என் கண்ணுக்கு நேரே இருந்தது.

பதினைந்து படி வரை நன்றாகத்தான் இறங்கினான். பிறகு கட்டைவிரல் வெளுத்தது. சுண்டுவிரல் மூங்கிலை விட்டு எழுந்தது. அதற்குப் பக்கத்து விரல் எழுந்தது. மூர்த்தியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஒரு கை எப்படித் திறக்கும், எந்த விரல் முதலில் போகும் என்பது அந்தச் சந்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஃபைலைக் கீழே போட்டேன். ஃபிளாஸ்க் எங்கேயோ உருண்டது. இரண்டு படி தாவி ஏறி, அவன் கைக்குப் பக்கத்தில் மூங்கிலைப் பிடித்தேன். அந்தக் கணத்தில் அவன் கை திறந்தது. பாரம் முழுவதும் என் கையில் இறங்கியது. நாற்காலி ஒரு விரல்கடை இறங்கி, நின்றது.

செல்வராஜ் அண்ணன் மூச்சு வாங்குவது கேட்டது. மூர்த்தி மறுபடியும் மூங்கிலுக்குக் கையைக் கொண்டுவந்தான். "இல்லக்கா, ஒண்ணுமில்ல, கை வேர்த்துருச்சு, நான் புடிக்கறன்..."

"அவகிட்டக் குடுறா," என்றார் அப்பா.

குழறித்தான் சொன்னார். திருப்பிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மூர்த்தி கையை எடுத்தான். சுவரோரமாக ஒதுங்கி, என்னைத் தாண்டிக் கீழே இறங்கி, படியில் கிடந்த ஃபைலை எடுத்துக்கொண்டான்.

எங்கள் சந்தில் தூக்கு, நில்லு, இறங்கு என்று குரல் கொடுப்பது எப்போதும் செல்வராஜ் அண்ணன்தான். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இறங்கலாங்ணா," என்றேன்.